மூன்றாவது அதிரசம்

சிலிண்டருக்குப் பின்னால் வைத்திருந்த அந்த அதிரசத்தைத் தின்றது எலியா, சித்தியின் குழந்தையா? இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கேட்க வேண்டிய ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. இன்னொருத்திக்கு அப்போது ஒன்றரை வயது. மற்றவர்கள் எல்லோரும் விடை தங்களுக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா இரும்புக் கம்பி செய்கிற கம்பெனியில் ஷிப்டு வேலை. வீட்டுக்கு முன்னால் லாரிகள் போகும் சாலை, பின்னால் நெல் வயல். கார்த்திகை மழையில் வயல் முழுக்கத் தண்ணீர் நின்றதும், வரப்பில் வளை போட்டிருந்த எலிகளெல்லாம் மேட்டைத் தேடி எங்களிடம் வந்துவிடும். பூரான், மரவட்டை, எறும்பு என்று வேறு சிலரும் வருவார்கள். அவர்களை மஞ்சள் தூளும் மண்ணெண்ணெயும் பார்த்துக்கொள்ளும். எலியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு வீடுகளுக்கும் நடுச்சுவர்கள் கூரைவரை எழும்பாமல் ஒரு முழம் குறைவாக நின்றன. ஒரு வீட்டில் விரட்டினால் அடுத்த வீட்டுக்குள் இறங்கும். எந்த எலி யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகச் சண்டை மட்டும் போடுவார்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அம்மா அதிரசம் சுட்டாள். முறுக்கு டின்னில் போட்டு மூடிவைத்ததை, மூடியைத் தள்ளிவிட்டு எலி தின்றது. மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். எலி என்னுடைய புதுப் பாவாடையின் ஓரத்தைக் கடித்தது. பொறி வைத்தாள். பொறிக்குள் வைத்த கருவாடு மட்டும் காணாமல் போயிற்று. தக்காளியில் மருந்து தடவி வைத்ததை எலி உருட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அதிரசத்தின் ருசி தெரிந்துவிட்டது. கடைசியில் அம்மா சின்னதாக மூன்று அதிரசங்களை எடுத்து மருந்தை அவற்றில் வைத்தாள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எலிக்கு மருந்து வைத்தால் அதை வீட்டுக்குள் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது எலியின் காதில் விழுந்து அந்தத் திசைக்கே வராதாம். எலி என்ற பெயரைக்கூடச் சொல்லாமல் "நைட் ஷிப்டு" என்போம். "நேத்து நைட் ஷிப்டு வந்துச்சா?" என்று அம்மா அப்பாவைக் கேட்பாள். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். போன வாரம் என் பக்கத்து வீட்டுப் பெண், இன்ஜினியரிங் படித்தவள், எலி ஒட்டுகிற அட்டை வைத்திருப்பதை எனக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரிவித்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அம்மா என்னைப் பின்பக்கம் அடிபம்புவரை கூட்டிக்கொண்டு போய், சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மூணு எடத்துல வெச்சிருக்கேன். பீரோ கீழ ஒண்ணு, பரண் மேல ஒண்ணு, சிலிண்டருக்குப் பின்னால ஒண்ணு. தொட்டுடாத. ஊட்டுக்குள்ள வாயத் தொறந்து சொல்லாத. தெரியுதா?"

நான் சொன்ன சொல் கேட்கிற பெண். ஊரெல்லாம் அதைத்தான் என்னிடம் மெச்சுவார்கள்.

சித்தி மறுநாள் வருவதாகத்தான் பேச்சு. அவள் வருவதற்குள் மூன்றையும் எடுத்துவிடுவது அம்மாவின் எண்ணம். ஆனால் சித்தி ஒருநாள் முன்னதாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற வேலைக்குப் போயிருந்தாள். சித்தி அதிரசம் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, "தலையெல்லாம் வலிக்குது, பாப்பாவப் பாத்துக்கடி" என்று பாயில் சாய்ந்தாள். நான் கிறிஸ்துமஸ் மரத்துக்காகச் சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது குழந்தை சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. வாயில் எதையோ மென்றது. மோவாயில் பழுப்பாகத் துணுக்குகள். அம்மா மருந்து அதிரசத்தை வைத்திருந்த காகிதம் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் கத்தவில்லை. வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்றல்லவா சொல்லியிருந்தாள்? நான் போய்ச் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாடி?"

தலையை ஆட்டிப் பின்பக்கத்தைக் காட்டினேன்.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிக்கினுகீற? சொல்லித் தொலயேன்."

நான் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டே போனேன். சித்தி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே அடிபம்புவரை வந்தாள். அங்கே வைத்துத்தான் சொன்னேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மூன்று நிமிடமாகவும் இருக்கலாம். அந்த நேரம் முழுக்கக் குழந்தை அங்கேயே, அந்தக் காகிதத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஏன் முதலில் குழந்தையைத் தூக்கவில்லை என்று இப்போதும் சில நாள் சமையல் நடுவில் நின்றுவிடுகிறேன். ஒன்பது வயதுக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

சித்தி போட்ட சத்தத்தில் ஆறு வீடும் கூடிவிட்டது. ஒருத்தி உப்புத் தண்ணீர் என்றாள், ஒருத்தி மோர் என்றாள். யாரோ வாயில் ஊற்றியும் விட்டார்கள். பிறகு ஆட்டோ பிடித்துப் பொன்னேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உப்புத் தண்ணீர் என்று கேட்டதும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. எதையும் ஊற்றாமல், வாந்தி எடுக்க வைக்காமல், நேராகத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம். குழந்தை அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடியது.

"இப்ப நல்லாத்தான் இருக்கும். அதை நம்பாதீங்க. இந்த மருந்து ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். நாலு நாள் இங்கேயே இருக்கணும்" என்றார் டாக்டர். சாப்பிட்டதா, எவ்வளவு சாப்பிட்டது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தான் கடித்த அதிரசத்தில் குழந்தைக்குப் பிட்டுக் கொடுத்தாளா என்று சித்தியைக் கேட்டார்கள். "குடுத்தனா, குடுக்கலையா... நெனப்பு வர்லயே" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். கோயிலிலிருந்து ஓடிவந்த அம்மாவிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஊட்டுக்கு வர்றவங்களுக்கா வெச்ச, யக்கா?"

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் எலியைத் தேட ஆரம்பித்தாள்.

உயிருள்ள எலியை அல்ல, செத்த எலியை. மற்ற இரண்டு அதிரசங்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றை எடுத்துக் குழிதோண்டிப் புதைத்தாள். பிறகு பீரோவை நகர்த்தினாள். அரிசி டிரம்மை உருட்டினாள். பரணில் ஏறி, தகரப் பெட்டிகளுக்கு நடுவில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். மற்ற ஐந்து வீட்டுக் கதவையும் தட்டி, "யக்கா, நாத்தம் எதுனா வருதா?" என்று கேட்டாள். எல்லா வருடமும் நாற்றம் வந்தால் சண்டைக்கு வருகிறவர்கள், அன்று நாற்றம் ஒன்றும் வரவில்லையே என்று வருத்தத்தோடு சொன்னார்கள். "எங்கூட்டு சுவத்தாண்ட லேசா வர்ற மாரி கீது, வந்து பாரேன்" என்று ஒருத்தி கூப்பிட்டாள். அது அவர்கள் வீட்டுக் கருவாடு.

எனக்கு அம்மாமேல் எரிச்சலாக இருந்தது. குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இவள் எலியைப் பழிவாங்கத் துடிக்கிறாள் என்று நினைத்தேன். எலி செத்துக் கிடந்தால் அதிரசத்தைத் தின்றது எலிதான் என்று ஆகும், குழந்தை பிழைக்கும், தங்கை முகத்தில் விழிக்கலாம் என்ற கணக்கெல்லாம் எனக்கு எட்டவில்லை. ஒரு தாய் பிண நாற்றத்துக்காக ஜெபம் செய்துகொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். நான் கீழே விழுந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இருபத்து நான்காம் தேதி மத்தியானம். நான் பின்பக்கம் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தேன். ஷிப்டு முடிந்து வந்த அப்பா வழக்கம்போல் முன்வாசலுக்குப் போகாமல், வயல் ஓரமாகச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டின்மேல் விரலை வைத்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் எலி. கழுத்தில் கோடு போட்டதுபோல ஒரு தடம். முதுகில் கோதுமை மாவு. உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மா முன்வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். சட்டென்று போய் எலியைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு, கையைக் கழுவி, மறுபடியும் வயலைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக, அப்போதுதான் வருகிறவர் மாதிரி வந்தார்.

"இன்னா, கெடச்சிச்சா?"

"இல்ல."

"பீரோ கீழ பாத்தியா?"

"மூணு வாட்டி பாத்தாச்சி."

"இன்னொரு வாட்டி பாரேன்."

"கண்ணு தெரியாமயாகீறேன் நானு?"

"தொடப்பத்த வுட்டுப் பாரு, இன்னா போச்சி?"

அம்மா அலுத்துக்கொண்டே துடைப்பத்தை விட்டு இழுத்தாள். எலி வெளியே வந்தது. அவள் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, எலியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஆறு வீட்டுக்காரர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசி வீட்டு அண்ணன் குனிந்து, "இது செத்து ரொம்ப நேரம் ஆன மாரி தெரிலயே" என்றார்.

"மருந்து மெதுவாத்தான் ஏறும்" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் எலி மருந்தைத் தின்றுவிட்டு ஊர் சுற்றப் போயிருக்கிறது, வழியில் செத்துவிட்டது, அப்பா பார்த்து அடையாளம் கண்டு எடுத்துவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மாவு எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. அவருடைய கம்பெனி கேன்டீனில் பொறி வைப்பார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அம்மா அந்த எலியை இரண்டு கவரில் சுற்றி, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ரயிலில் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவும் கூட வந்தார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். எதிரில் இருந்தவர்கள் கேக் டப்பாவை மடியில் வைத்திருந்தார்கள்.

டாக்டர் இல்லை. நர்சம்மா கவரைத் திறக்கவே விடவில்லை. ஆனால் சித்திக்கு அது போதும். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தப்பாவும் ஆரணியிலிருந்து வந்திருந்தார். அவர்கள் வீட்டில் பண்டிகைக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள். குழந்தை கட்டிலில் ஏறிக் குதிக்கிறது. இன்னும் எதற்கு இங்கே? நர்சம்மாவும், "டாக்டர் நாலு நாள்னுதான் சொல்லிட்டுப் போயிருக்காரு. போறதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, உங்க இஷ்டம்" என்றார். சித்தி துணிகளை மூட்டை கட்டினாள்.

அப்போது அப்பா கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"நாலு நாள்னாரு இல்ல. இருந்துட்டுப் போலாம்."

"அதான் எலி கெடச்சிடுச்சே மாமா."

"கெடச்சா கெடச்சிட்டுப் போவுது. இருக்கட்டும்."

"அண்ணாத்த, நாளைக்குப் பண்டிக. எங்கம்மா காத்துக்கினுகீது" என்றார் சித்தப்பா.

"நா வந்து சொல்லிக்கறேன் உங்கம்மாகிட்ட."

சித்திக்குக் கோபம் ஏறியது. "உன் பொண்டாட்டி மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சி. அப்பறமும் இன்னா மாமா? என் புள்ளைய எத்தினி நாளு ஊசி குத்தணும்ன்ற?" அம்மாவே அப்பாவைத் திட்டினாள். "பேஜாரு புடிச்ச ஆளு. நல்ல நாளு அதுவுமா வம்பு பண்ணிக்கினு."

அப்பா சித்தியின் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வார்டு வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு பிரியமாக எலியைத் தேடிக் கொண்டுவந்து எல்லோரையும் சிரிக்க வைத்தவர், ஏன் இப்படி முரண்டு பிடித்து எல்லாவற்றையும் கெடுக்கிறார்? கிறிஸ்துமஸ் அன்று அந்த வார்டில் நாங்கள் இட்லி சாப்பிட்டோம். அப்பா சாப்பிடவில்லை. நிமிடத்துக்கு ஒரு தரம் குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார். மருந்து ஈரலைத் தாக்கினால் கண் மஞ்சளாகும், அதைத்தான் பார்த்தார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபத்து ஆறாம் தேதி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சித்தி ஒரு வருடம் அப்பாவோடு பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லப் போகவில்லை.

எனக்கு ஒரு குழந்தை பிறந்து, அதற்கு முதல் காய்ச்சல் வந்து, நான் இரண்டு நாள் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வார்டு வாசல் விளங்கியது. செத்த எலியைப் பார்த்து எல்லோருடைய பயமும் போய்விட்டது. அது எங்கள் எலி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அம்மாவின் அழுகையை நிறுத்துவதற்காகச் செய்த பொய், குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கிளப்பிவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மா மறுபடியும் இடிந்துபோவாள். சொல்லாவிட்டால் குழந்தை போய்விடும். அதனால் எல்லோருடைய பயத்தையும் தான் ஒருவராகச் சேர்த்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே நானும் இருந்தேன். அவர் அந்த எலியைப் பையிலிருந்து எடுத்து பீரோவுக்கு அடியில் தள்ளியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அன்று தப்பிய சித்தியின் மகள் மீஞ்சூரில் வேலை பார்க்கிறாள். அதிரசம் என்றால் டப்பாவோடு வாங்கிக்கொள்வாள். இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நானும் என் கணவரும் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே தரைத்தள வீடு ஒன்றில் இருக்கிறோம். மழை விட்டதிலிருந்து எங்கள் வீட்டுக்கும் எலி வருகிறது. அரிசி, பருப்பு எல்லாம் இறுக்கமான டப்பாவுக்கு மாறியாயிற்று. கதவடியில் ரப்பர் பட்டை அடித்தாயிற்று. சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை போட்டு, குழாய் நுழைகிற ஓட்டைகளில் இரும்பு நாரை அடைத்துச் சிமென்ட் பூசினேன். ஆனாலும் எங்கோ ஒரு வழி இருக்கிறது. என் மகளுக்குப் பதினாலு மாதம். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகிறது.

விடுமுறைக்கு அம்மா வருகிறாள். நேற்று போனில் சொன்னாள்: "நீ இன்னாத்துக்கு அடச்சிக்கினு கெடக்கிற? நா வந்து மருந்து வெச்சிடறேன். அப்பவே பாத்தமே, எலிதான துன்னிச்சி? நம்மூட்டுப் புள்ளைங்க அதெல்லாம் தொடாது."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி சரி என்றாள். அவளுடைய சரி எனக்குத் தெரியும். நான் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் வைத்துவிட்டு, வழக்கப்படி வாயைத் திறக்காமல் இருந்துவிடுவாள்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். எல்லா ஓட்டையையும் அடைத்த பிறகும் எலி வருகிற வழியை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கைக்குழந்தை உள்ள வீட்டில் மருந்தில்லாமல் வேறு என்ன வைக்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா அந்த எலியைக் கேன்டீனிலிருந்து கொண்டுவந்தார் என்பதை அம்மாவிடம் நான் சொல்லிவிடலாமா? சொன்னால் மருந்து வைக்க மாட்டாள், அது நிச்சயம். ஆனால் அறுபது வயதுக்கு மேல் அவள் மறுபடியும் அந்த நாலு நாளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டுச் சமாதானமாக அப்பாவும் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறாள். அதற்கு முன்னால் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.